வலப்பக்க மூளையும் மொழியும்: ஒரு குறைபாடு புலனான வரலாறு

மொழி மூளையின் இடப்பாதியைச் சார்ந்தது என்பது மொழியியல் பயிலும் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் செய்தி. வலக்கைப் பழக்கமுடையோருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர்க்கு இது பொருந்தும். மூளையின் இடப்பாதி உடலின் வலப்புறத்தையும், வலப்பாதி இடப்புறத்தையும் ஆள்கின்றன. ஆகவே இடப்பாதியில் குருதிக்குழாய் அடைபட்டோ வெடித்தோ பக்கவாதம் தாக்கும்போது வலக்கையும் வலக்காலும் செயலிழப்பதோடு பல நேரங்களில் பேச்சும் குலைகிறது. நோயாளிக்குச் சொல் கிடைப்பதில்லை. கிடைத்த சொற்கள் தொடராக அமைவதில்லை. பிறர் கூறுவதும் விளங்குவதில்லை. அஃபேசியா எனப்படும் இம்மொழியிழப்பைக் கண்டறிய வல்லுநர் எவரும் வேண்டியதில்லை. கட்டிலருகே நிற்கும் எவர்க்கும் அது தெரியும்.

வலப்பாதியில் தாக்குண்டவர் நிலை வேறு. அவர் பேசுகிறார். எழுவாயும் பயனிலையும் இயைகின்றன; வேற்றுமை உருபு வழுவுவதில்லை; பொருள்களின் பெயரைக் கேட்டால் தவறாமல் சொல்கிறார். மருத்துவர் பேச்சில் குறையில்லை என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குச் செல்கிறார். சில கிழமைகள் சென்றபின் வீட்டார் வேறொன்று சொல்லத் தொடங்குகின்றனர். நகைச்சுவை இவருக்குப் பிடிபடவில்லை, குத்தலாகச் சொன்னதை மெய்யென்று கொள்கிறார், ஒன்றைச் சொல்ல வந்து ஒன்பதைச் சொல்கிறார், குரலில் உயிரில்லை, நாம் வருந்துவதும் மகிழ்வதும் இவரைத் தொடுவதாகவே தெரியவில்லை. சுருங்கச் சொன்னால், பழைய மனிதராக இல்லை.

மருத்துவர் குறிப்புக்கும் வீட்டார் கூற்றுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க அறிவுலகிற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அக்காலத் தாழ்வுக்குக் காரணம் கருவிக் குறைவன்று என்பதும், மொழி எது என்பது பற்றிய முற்கோளே என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து. சொல்லும் இலக்கணமுமே மொழி என்று கொண்டவரை, சொல்லும் இலக்கணமும் கெடாத நோயாளியிடம் மொழிக்குறை எதுவும் தென்பட வழியில்லை.

இடப்பாதியின் ஆட்சி

பாரிசு நகரில் 1861-இல் பால் பிரோக்கா என்னும் அறுவை மருத்துவர் நோயாளி ஒருவரைப் பரிசோதித்தார். அவர் ஆண்டுக்கணக்கில் 'டான்' என்னும் ஓரசையை மட்டுமே ஒலித்து வந்தவர். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்ததில் இடப்பக்க நெற்றிமடலில் சிதைவு காணப்பட்டது. மேலும் பல நோயாளிகளைக் கண்ட பின்னரே, 1865-இல், நாம் மூளையின் இடப்பாதியால் பேசுகிறோம் என்னும் முடிவைப் பிரோக்கா வெளியிட்டார். இதே முடிவை மார்க் டாக்ஸ் என்னும் நாட்டுப்புற மருத்துவர் 1836-இலேயே எழுதி வைத்திருந்தார் என்று அவர் மகன் அதே 1865-இல் தந்தையின் கட்டுரையை அச்சேற்றினார். யார் முந்தியவர் என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை; நமக்கு அது முதன்மையன்று. 1874-இல் கார்ல் வெர்னிக்கே பொருளுணர்தலுக்குரிய பகுதியையும் இடப்பாதியிலேயே காட்டியதும் படம் முழுமையுற்றதாகக் கருதப்பட்டது. இடப்பாதி 'ஆளும் பாதி' எனப் பெயர் பெற்றது. வலப்பாதி 'சிறு பாதி' என்று வழங்கப்பட்டது.

ஆனால் பிரோக்காவின் நோயாளியைப் பற்றிய பதிவில் ஒரு சிறு செய்தி உண்டு. தம் எண்ணத்தைப் பிறர் உணராமல் சினம் மூளும்போது அவர் வாயிலிருந்து ஒரு வசைமொழி மட்டும் முழுமையாக வெளிப்பட்டதாம். பேசும் உறுப்புகள் கெடாதிருந்தும் பெயர் சொல்ல இயலாத ஒருவர் திட்ட மட்டும் எவ்வாறு வல்லவரானார்?

இவ்வகை வினாவைப் பொருட்படுத்தியவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். 1860-களிலும் 1870-களிலும் அவர் எழுதியவை நடையால் கடினமானவை, படித்தோர் சிலரே. மொழியிழந்தவர் முற்றிலும் சொல்லற்றவர் அல்லர் என்பதை அவர் கண்டார். வாழ்த்து, வசவு, 'ஆம்', 'இல்லை' போன்ற பழகிய சொற்கள் அவர்களுக்குத் தாமாக வந்தன. கருத்தொன்றைக் கூற்றாகத் தொடுக்க மட்டுமே இயலவில்லை. எனவே பேச்சைக் கூற்றாக்கும் பேச்சு எனவும் தானியங்கு பேச்சு எனவும் பிரித்து, பின்னதற்கு வலப்பாதியும் துணை நிற்கிறது என்றார். சொற்களின் குவியல் மொழியன்று, கூற்றாதலே மொழி என்னும் அவர் வற்புறுத்தல் மொழியியலார் பெருமைப்படத்தக்கது. எனினும் அவ்வற்புறுத்தலே ஒரு தீங்கையும் செய்தது. கூற்றல்லாதது மொழியின் புறம்பு என்னும் எண்ணத்தை அது உறுதிப்படுத்தியது. வலப்பாதியின் பங்கைக் கண்டவரே அதனை மொழிக்கு வெளியே நிறுத்தினார்.

தன் நோயைத் தான் அறியாமை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலப்பக்கப் பக்கவாதம் கவனம் பெற்றது மொழியால் அன்று, ஒரு விந்தையால். 1914-இல் ஜோசப் பாபின்ஸ்கி பாரிசு நரம்பியல் கழகத்தில் இடப்புறம் செயலிழந்த நோயாளிகளைப் பற்றி உரைத்தார். அவர்கள் தம் கை அசையவில்லை என்பதையே அறியாதிருந்தனர். கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்திவிட்டதாகக் கூறினர். இந்நிலைக்கு அவர் 'அனோசக்னோசியா' என்று பெயரிட்டார், நோயறியாமை எனலாம். பின்னர் இடப்புறப் புறக்கணிப்பும் விரிவாக ஆராயப்பட்டது. நோயாளி தட்டின் வலப்பாதி உணவை மட்டும் உண்பார். வரியின் வலப்பாதியை மட்டும் படிப்பார். 1978-இல் பிசியாக், லுட்சாத்தி என்னும் இத்தாலிய ஆய்வாளர்கள் மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தை மனத்தில் கண்டு விவரிக்குமாறு நோயாளிகளைக் கேட்டனர். ஆலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணியபோது வலப்புறக் கட்டடங்களையே கூறினர். ஆலய வாயிலில் நின்று எதிர்த்திசை நோக்குவதாக எண்ணச் செய்தபோது, முன்பு விடுபட்டவை வந்தன. முன்பு சொன்னவை விடுபட்டன.

இத்தகையோர் உயர் பதவியில் இருந்தால் நேர்வதற்கு அமெரிக்க வரலாறு இரண்டு சான்றுகள் தருகிறது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் 1919 அக்டோபரில் பக்கவாதத்தால் இடப்புறம் செயலிழந்தார். அதன்பின்னரும் தம்மை இயலாதவராக அவர் ஏற்கவில்லை. 1920-இல் மூன்றாம் முறை தேர்தலில் நிற்பது பற்றியும் எண்ணினார். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1974 டிசம்பர் 31 அன்று தாக்குண்டார். அவர் வாதம் என்பதே கட்டுக்கதை என்றார். செய்தியாளர்களைத் தம்மோடு நடைப்பயணத்துக்கு அழைத்தார். 1975 நவம்பரில் பதவி விலகிய பின்னரும் வழக்குகளில் பங்கு கொள்ள முயன்றார். இருவரும் சொல்வன்மை மிக்கவர்கள். நோய்க்குப் பின்னும் அவர்களிடம் சொல் கெடவில்லை. தாம் கூறுவது கேட்போர்க்கு எவ்வாறு படுகிறது என்னும் அளவுகோலே கெட்டிருந்தது. அன்றைய மருத்துவம் இதனை மனப்போக்கின் குறையாகவே கருதியது.

'மிகை'யான மொழி

நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு குறிப்புகள் கவனத்துக்குரியவை. 1947-இல் நார்வே நரம்பியலார் மொன்ராட்-குரோன் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். போர்க்கால வான்தாக்குதலில் குண்டுச் சிதறல் பட்டு மீண்ட அவர் தம் தாய்மொழியை அயலார்போல் ஒலித்தார். அக்காலத்தில் நார்வே ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அவரை ஜெர்மானியர் என்று எண்ணிக் கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தனர். அவருடைய காயம் இடப்பக்கத்தில் இருந்தது. எனவே அது நம் பொருளுக்கு நேரான சான்றன்று. ஆயினும் மொழியின் இசைப்பாங்கு, அதாவது ஒலிநயம், தனியே கெடக்கூடியது என்பதையும், அதனுள் உணர்ச்சி சார்ந்தது ஒரு தனிவகை என்பதையும் முதன்முதலில் தெளிவுபடுத்தியவர் அவரே.

அடுத்தவர் ஜான் ஐசன்சன். 1962-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வலப்பக்கம் பழுதுற்றவர்களுக்கு எளிய சோதனைகளை விடுத்து, அருஞ்சொற்களும் கருத்தியலான தொடர்களும் கொண்ட வினாக்களைக் கொடுத்தார். அவர்கள் சறுக்கினர். வலப்பாதி இயல்பு மொழிக்கு மேற்பட்ட, மிகையான மொழிச் செயலுக்கு உரியது போலும் என்று அவர் முடித்தார். அந்த 'மிகை' என்னும் சொல் ஆராயத்தக்கது. எள்ளலும் உருவகமும் குறிப்பும் நாள்தோறும் வீட்டிலும் சந்தையிலும் வழங்குபவை; அவற்றை மிகையெனக் கொள்வது மொழியை இலக்கண நூலிலிருந்து அளப்பவர்க்கே இயலும். ஐசன்சன் கதவைத் திறந்தார் என்பது உண்மை. ஆயின் அதை விருந்தினர் அறைக் கதவென்றே எண்ணினார்.

மொழியியல் தன் எல்லையை விரித்தபோது

இதே ஆண்டில், 1962-இல், ஆக்ஸ்போர்டு மெய்யியலார் ஜே. எல். ஆஸ்டினின் உரைகள் அவர் மறைவுக்குப்பின் நூலாயின. சொல்வது ஒன்றைச் செய்வதும் ஆகும் என்பது அதன் மையக்கருத்து. 1967-இல் ஹார்வர்டில் பால் கிரைஸ் ஆற்றிய உரையின் ஒரு பகுதி 1975-இல் அச்சேறியது. சொன்னதற்கும் உணர்த்தியதற்கும் இடையிலுள்ள தொலைவைக் கேட்போர் எவ்வாறு கடக்கின்றனர் என்பதே அதன் பொருள். பயன்வழியியல் எனத் தமிழில் நாம் வழங்கும் துறை இவ்வாறு உருப்பெற்றது. மொழிப்பயன்பாட்டைக் கேட்போரும் சூழலும் சேர்ந்த முழுமையாகக் காணும் நோக்கு இத்துறையோடு பரவியது. வலப்பாதி ஆய்வுகள் இதன்பின் பெருகியது தற்செயலன்று.

பாஸ்டன் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஹோவர்டு கார்டனரும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனைகள் இவற்றுள் தலையாயவை. 1977-இல் எல்லன் வின்னரும் கார்டனரும் நோயாளிகளுக்கு 'கனத்த நெஞ்சம்' என்னும் பொருள்படும் தொடரைக் கூறி நான்கு படங்களைக் காட்டினர். ஒன்றில் ஒருவர் அழுகிறார். ஒன்றில் ஒருவர் மாபெரும் செந்நிற இதயம் ஒன்றைச் சுமந்து தள்ளாடுகிறார். மற்ற இரண்டில் எடைக்கல்லும் இதயமும் தனித்தனியே உள்ளன. இடப்பக்கம் பழுதுற்று மொழியிழந்தவர்கள் அழுபவரின் படத்தையே பெரும்பாலும் காட்டினர். சுமப்பவரின் படத்தைக் கண்டு சிரித்தனர். தொடரின் பொருளைச் சொல்லால் விளக்கத்தான் அவர்களால் இயலவில்லை. வலப்பக்கம் பழுதுற்றவர்களோ விளக்கச் சொன்னால் நன்றாகவே விளக்கினர். படத்தைத் தேர்கையில் இதயம் சுமப்பவரைப் பலமுறை காட்டினர். அப்படத்தில் நகைப்புக்குரியது எதையும் அவர்கள் காணவில்லை.

இம்முடிவு வெளிவந்தபோது பெரிதும் பேசப்பட்டது. இன்று அதைச் சற்று எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். படத்தை நோக்கிப் பகுத்துணர்வதே வலப்பக்க நோயாளிகளுக்குக் கடினம். 2004-இல் இத்தாலிய ஆய்வாளர் ரினால்டி முதலியோர் அதே வகை உருவகங்களைப் படமின்றிச் சொற்களாலேயே கொடுத்தபோது குறைபாடு பெரிதும் தணிந்தது. ஆரோக்கியமானவர்களின் மூளைச்செயலைப் படமெடுத்த பிற்கால ஆய்வுகளும் உருவகம் வலப்பாதியின் தனியுடைமை என்பதை ஏற்கவில்லை.

அதனினும் உறுதியாக நின்றவை கதையும் உரையாடலும் கொண்டு செய்த சோதனைகள். 1983-இல் ஹைரம் பிரவுனல் முதலியோர் நகைச்சுவைத் துணுக்கின் முற்பகுதியைக் கூறி, பல முடிவுகளுள் பொருத்தமானதைத் தேரச் சொன்னார்கள். வலப்பக்க நோயாளிகள் தவறியபோது சப்பென்ற முடிவைத் தேரவில்லை. முன்கதையோடு தொடர்பே இல்லாத, ஆனால் திடுக்கிடச் செய்யும் முடிவைத் தேர்ந்தனர். நகைச்சுவை எதிர்பாராததாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவில்லை. எதிர்பாராதது முன்னையதோடு பின்னோக்கி இயைய வேண்டும் என்பதே நழுவியது.

1986-இல் வந்த மற்றொரு சோதனை மொழிபெயர்ப்பாளர்கள் மனத்தில் நிற்கத்தக்கது. ஒரு பெண் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு திரைப்பட நடிகர் ஒருவரைக் காணச் செல்கிறாள். கையொப்பம் வாங்கச் செல்கிறாள் என்று யாரும் எண்ணுவர். அணு ஆற்றலைப் பற்றிப் புகழ்பெற்றோரின் கருத்துகளைத் தொகுக்கும் கட்டுரை பற்றி அடுத்த வாக்கியம் கூறுகிறது. உடனே முன்னெண்ணம் திருந்துகிறது. இவள் கட்டுரை எழுதுபவள். வலப்பக்க நோயாளிகள் இரு வாக்கியங்களையும் நினைவில் வைத்திருந்தனர். ஆயினும் கையொப்பம் வாங்கச் சென்றவள் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. உய்த்துணரும் ஆற்றல் இருந்தது. உய்த்துணர்ந்ததைக் கைவிடும் ஆற்றல் இல்லை. மூலநூலின் முதல் பத்தியில் ஒரு சொல்லுக்குத் தவறாகப் பொருள்கொண்டு, பத்தாம் பக்கத்தில் அது பொருந்தாதபோதும் திரும்பிச் சென்று திருத்தாமல் மேலே சமாதானம் தேடிய அனுபவம் நம்முள் பலர்க்கு உண்டு. நமக்கு அது சோர்வால் நேர்வது; அவர்களுக்கு ஒவ்வோர் உரையாடலிலும் நேர்வது. பின்னர் கானி டாம்ப்கின்ஸ் முதலியோர் இதனை, எழுந்த பொருள்களுள் வேண்டாததை அடக்க இயலாமை என்று விளக்கினர். மார்க் பீமன் சொற்களின் தொலைவான, மங்கலான உறவுகளை வலப்பாதியே விழிப்பில் வைத்திருக்கிறது என்றார். இரு விளக்கங்களும் ஒன்றையொன்று முற்றும் மறுப்பவை அல்ல.

1990-இல் காப்லான் முதலியோர் கோல்ப் ஆட்டத்தை வைத்து ஒரு சூழலை அமைத்தனர். மோசமாக ஆடியவரை ஒருவர் 'நன்றாக ஆடுகிறாய்' என்கிறார். இருவரும் நண்பர்களாயின் அது தேற்றுதல், பகைவராயின் ஏளனம். ஆட்டம் மோசம் என்பதை வலப்பக்க நோயாளிகள் கணக்கில் கொண்டனர். இருவர்க்கும் உள்ள உறவைக் கொண்டு பேச்சின் நோக்கத்தை அறிவதில் பிறரினும் பின்தங்கினர்.

ஓர் ஆசிரியையின் குரல்

சோதனைச்சாலைக்கு வெளியே இக்குறைபாடு என்ன செய்யும் என்பதை 1979-இல் எலியட் ராசும் மார்செல் மெசுலமும் வெளியிட்ட கட்டுரை காட்டுகிறது. அவர்கள் விவரித்த இரு நோயாளிகளுள் ஒருவர் பள்ளி ஆசிரியை. வலப்பக்கப் பக்கவாதத்திலிருந்து தேறிப் பள்ளிக்குத் திரும்பிய அவரால் வகுப்பை அடக்க இயலவில்லை. அவர் சினந்தபோதும் குரல் தட்டையாகவே ஒலித்தது. முகமும் கையும் அசையவில்லை. மாணவர்களும் அவருடைய பிள்ளைகளும் அவர் கோபத்தைப் பொருட்படுத்தவில்லை, ஏனெனில் அது கோபமாகக் கேட்கவில்லை. உள்ளே உணர்ச்சி இருந்தது. அதை அவர் முழுமையாக உணர்ந்தார். எனவே, தாம் கோபமாக இருப்பதையும் மெய்யாகவே சொல்வதையும் தனி வாக்கியமாகச் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை மேற்கொண்டார். குரல் செய்ய வேண்டியதைச் சொல்லைக் கொண்டு செய்துகொண்டார்.

மொழியியல் நோக்கில் இவ்வொரு செயல் பெருஞ்சான்று. ஒலிநயம் அலங்காரமன்று, அது நீங்கினால் அதன் இடத்தை ஒரு முழு வாக்கியம் நிரப்ப வேண்டியிருக்கிறது. 1975-லேயே கென்னத் ஹெயில்மன் முதலியோர், வலப்பக்கப் பழுதுடையோர் சொல்லின் பொருளை உணர்ந்தும் சொன்னவர் குரலிலுள்ள மகிழ்ச்சியையும் துயரையும் உணராமையைக் கண்டிருந்தனர். 1981-இல் ராஸ் இவற்றைத் திரட்டி 'அப்ரோசோடியா', அதாவது ஒலிநயமிழப்பு, என்று பெயரிட்டார். மொழியிழப்பின் வகைகளுக்கு நேர்நேராக வெளிப்படுத்தும் வகை, உணரும் வகை என்று பாகுபாடும் செய்தார். அப்பாகுபாட்டின் ஒழுங்கு சற்று மிகையானது. பிற்காலச் சான்றுகள் அதற்கு முற்றும் இடந்தரவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

சுருதி வேறுபாட்டால் சொற்பொருளே மாறும் தொனி மொழிகள் இங்கே ஒரு நல்ல ஆய்வுக்களம். தாய்லாந்து மொழியினர்க்குச் சொற்பொருளைப் பிரிக்கும் தொனி இடப்பாதியின் வேலையாக இருப்பதை வான் லேங்கரும் ஃபிராம்கினும் 1973-இல் காட்டினர். 1983-இல் சீன மொழியினரான வலப்பக்க நோயாளிகளை ஹியூஸ் முதலியோர் ஆராய்ந்தபோது, சொல்லின் தொனி நிலைத்திருக்க, உணர்ச்சியின் தொனி கெட்டிருந்தது. ஒலிப்பது ஒரே குரல், மாறுவது ஒரே சுருதி. ஆயினும் அது ஆற்றும் பணிக்கேற்ப மூளை அதனைப் பிரித்து ஆள்கிறது. செவிப்புலனற்றோரின் கைச்சைகை மொழியை ஆராய்ந்த பாய்ஸ்னர், கிளைமா, பெலூகி ஆகியோரின் 1987-ஆம் ஆண்டு நூல் மறுமுனையிலிருந்து இதையே கூறுகிறது. வலப்பாதி பழுதுற்றுப் படம் வரைகையில் இடப்புறத்தை விட்டுவிடும் ஒருவர், சைகை மொழியில் இலக்கணம் வேண்டும்போது அந்த இடப்புற வெளியைப் பிழையின்றிப் பயன்படுத்தினார்.

பெயரும் அளவுகோலும்

இக்குறைபாடு வலப்பக்கப் பக்கவாதம் உற்ற எல்லார்க்கும் வருவதன்று. 1990-இல் ஜோவனெத், கூலே, அனெகென் ஆகியோர் எழுதிய நூல் இவ்வேறுபாட்டையே வற்புறுத்தியது. சிலர் மிகப் பேசுவர். சிலர் சுருங்கப் பேசுவர். சிலர்க்கு ஒலிநயம் மட்டும் கெடும். சிலர் எக்குறையுமின்றி இருப்பர். ஒரே பெயரில் அடங்காமை இத்துறையின் நெடுநாள் இடர்ப்பாடு. மொழியிழப்புற்றவர்க்கு 'அஃபேசியா' என்னும் சொல் கிடைத்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. அச்சொல்லால் அவர்களுக்குச் சிகிச்சையும் பிறர் பரிவும் கிடைக்கின்றன. பெயரற்ற குறையுடையவர் கிடைப்பது 'கல்நெஞ்சர்' என்னும் பட்டம். 2023-இல் ஆய்வாளர் குழு ஒன்று 'அப்ராக்மாட்டிசம்' என்னும் சொல்லைப் பொதுப்பெயராக மீட்டெடுக்க முன்மொழிந்தது. பயன்வழியிழப்பு என்று அதைத் தமிழில் கூறலாம். சொல் அழகற்றது, தேவையானது.

அளவுகோலின் சாய்வுக்கு ஓர் எண் போதும். பக்கவாதத்தின் கடுமையைக் கணிக்க உலகெங்கும் வழங்கும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன அளவுகோல் 1989-இல் வெளிவந்தது. அதன் மொத்தம் 42 புள்ளிகள். அவற்றுள் மொழியைச் சார்ந்தவை 7; புறக்கணிப்பைச் சார்ந்தவை 2. ஒரே அளவு சிதைவுற்ற இருவருள் இடப்பக்க நோயாளி கூடுதல் புள்ளி பெறுவார். வலப்பக்க நோயாளி அவரினும் நலமானவராகத் தாளில் தோன்றுவார். 1865-இன் முடிவு இன்றும் மருத்துவமனைப் படிவத்தில் வாழ்கிறது.

நம் மொழிகளில்

சொல்லப்படாத பொருளை மொழியின் உட்கூறாகக் கொள்வது இந்திய மரபுக்கு அயலானதன்று. தொல்காப்பியம் பெயரியலில் பொருள்நிலையை வெளிப்பட நிற்பது, குறிப்பால் தோன்றுவது என இரண்டாக்குகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் நேர்ப்பொருள், இலக்கணைப் பொருள் ஆகியவற்றின் மேலாகத் தொனிப்பொருளை நிறுவினார். கங்கையின்மேல் உள்ள சேரி என்றால் கரைமேல் உள்ள சேரி என்பது இலக்கணை. அதன் தண்மையும் தூய்மையும் தொனி. இவர்கள் மூளையின் பாதிகளை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது நகைப்புக்கிடமாகும். ஆனால் இம்மரபில் பயின்ற ஒருவர் சோதனைத்தாள் வகுத்திருப்பின், குறிப்பை உணராத நோயாளியை மொழிக்குறை அற்றவர் என எழுதியிருக்க மாட்டார்.

மைசூரில் 1965-இல் அனைத்திந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனமும் 1969-இல் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனமும் தோன்றின. ஒரே ஊரில் அமைந்த இவ்விரண்டும் சார்ந்த துறைகள் கூடிச் செய்யவேண்டிய பணி இது. ஏனெனில் ஆங்கிலச் சோதனைகளை மொழிபெயர்த்தால் சோதிக்க விரும்பியதே மறைந்துவிடும். ஆங்கிலத்தில் எள்ளல் பெரிதும் குரலின் ஏற்ற இறக்கத்தால் உணர்த்தப்படுவது. தமிழில் அதற்கு இடைச்சொற்களும் உண்டு. 'அவர் பெரிய அறிவாளியாம்' என்பதிலுள்ள 'ஆம்' பிறர் கூறக் கேட்டதையும் உணர்த்தும், ஏளனத்தையும் உணர்த்தும். ஓகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஆறு பொருள் கூறுகிறார். 'நானோ செய்தேன்?' என்பதில் அது எதிர்மறை, வேறிடத்தில் ஐயவினா. வடிவம் இடப்பாதிக்குரிய இலக்கணம்; ஆறனுள் ஒன்றைத் தேர்வது சூழலுக்கும் குரலுக்கும் உரியது. தமிழ் நோயாளிக்கு இடைச்சொல் ஊன்றுகோலாகுமா, அன்றி ஆறு வழிகளும் திறந்த சந்தியாகுமா? பழமொழிகளும் தனி வகை. பழகிய தொடர்களை வலப்பக்க நோயாளிகள் உணர்வதில் இடர்ப்படுவதை வான் லேங்கரும் கெம்ப்லரும் 1987-இல் காட்டினர். அது ஜாக்சனின் தானியங்கு பேச்சை நினைவூட்டுவது.

விளித்தலும் அவ்வாறே. 1997-இல் பிரவுனல் முதலியோர், மூன்றாமவர் ஒருவரைக் கேட்போரின் அறிமுகத்துக்கேற்ப எப்பெயரால் சுட்டுவது என்னும் தேர்வில் வலப்பக்க நோயாளிகள் தடுமாறுவதைக் கண்டனர். ஆங்கிலத்தில் அது சில பெயர்களுக்குள் அமையும் தேர்வு. தமிழில் நீ, நீர், நீங்கள் என்பனவும் வினைமுற்று விகுதியும் முறைப்பெயரும் ஒருசேர மாறவேண்டும். சம்பந்தியை 'நீ' என்று விளித்துவிட்ட முதியவரின் குடும்பத்தில் அதனை நோயென்று கொள்பவர் யார்?

எழுத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இடப்புறப் புறக்கணிப்புடையோர் சொல்லின் முதலெழுத்தை விட்டோ மாற்றியோ படிப்பது பிற மொழிகளில் நன்கு பதிவானது. தமிழில் எகர ஏகார ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின் ஒலிப்பினும் இடப்பக்கம் எழுதப்படுபவை. ஒகர ஓகாரம் எழுத்தின் இருபுறமும் நிற்பவை. இடக்குறி மட்டும் கண்ணிலிருந்து நழுவினால் 'தோள்' தாளாகும், 'கொடு' காடாகும். தமிழர் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் காண்கிறார்களாயின் இப்பிழை நேரக்கூடாது. குறிகளின் கூட்டாகக் காண்கிறார்களாயின் நேரவேண்டும். இருபது சொற்கள் கொண்ட ஒரு பட்டியலும், படிக்கத் தெரிந்த சில நோயாளிகளின் இசைவும் இருந்தால் இதனைச் சோதித்துவிடலாம்.